குடிபோன ஊரில் கோயில்காரராவது எப்படி?

கேள்வியின் சுருக்கம் இது: தென்காசிப் பக்கத்திலிருந்து வேலை மாற்றலாகிச் சென்னைப் போரூருக்கு வந்த குடும்பம். ஊரில் கொடை, அதாவது கோயில் திருவிழா, என்றால் குடும்பத்துக்கு இவ்வளவு என்று வரி கொடுத்து, பொங்கல் வைத்து, கொடை முடியும்வரை கோயிலிலேயே கிடப்பார்கள். இங்கே வாரம் தவறாமல் கோயிலுக்குப் போகிறார்கள், அர்ச்சனை செய்கிறார்கள், வீடு திரும்புகிறார்கள். இரண்டு வருடமாகியும் கோயிலில் ஒருவர் பெயர்கூடத் தெரியாது. உள்ளூர் பக்தர்களோடு சேர்வதற்கு என்ன வழி?

முதலில் நீங்கள் கோயிலுக்குப் போகும் நேரத்தைப் பார்ப்போம். வெள்ளிக்கிழமை மாலை, கிருத்திகை, சனிப் பிரதோஷம், புத்தாண்டு. அன்றெல்லாம் எல்லாரும் வரிசையில் நிற்கிற ஆட்கள்தான். குருக்களுக்கே நிமிர்ந்து பார்க்க நேரமிருக்காது. கோயிலை உண்மையில் தாங்குகிறவர்கள் இருபது முப்பது பேர்தான் இருப்பார்கள். கூட்டம் இல்லாத நாளில், வேலை இருக்கிற நேரத்தில்தான் அவர்களைப் பார்க்க முடியும். பெரிய விழாவில் போய்ச் சேரலாம் என்று காத்திருப்பவர்களுக்குப் பெரும்பாலும் இடம் கிடைப்பதில்லை. விழா வேலையெல்லாம் அதற்கு ஆறு மாதம் முன்பே ஆள் ஆளுக்குப் பங்கு பிரிந்திருக்கும்.

ஆகவே ஒரே ஒரு கோயிலைத் தேர்ந்தெடுங்கள். வீட்டிலிருந்து நடந்தோ பத்து நிமிட வண்டிப் பயணத்திலோ போகக்கூடியதாக இருக்கட்டும். புகழ் பெற்ற தலமாக இருக்க வேண்டியதில்லை. சிறிதாக இருந்தால் இன்னும் நல்லது. மாங்காடு போன்ற கோயிலில் கூட்டத்தைச் சமாளிக்கவே ஊழியர்களுக்கு நேரம் போதாது, புதிதாக வந்தவரைக் கவனிக்க யாருமில்லை. இரண்டு பிராகாரமும் ஒரு வில்வ மரமும் உள்ள சிவன் கோயிலிலோ தெருவோரப் பெருமாள் கோயிலிலோ மூன்றாவது முறை தலை தெரிந்தாலே "எங்க இருக்கீங்க?" என்று கேட்டுவிடுவார்கள்.

சிவன் கோயிலென்றால் தொடங்குவதற்கு மிக எளிய நாள் பிரதோஷம். வளர்பிறை, தேய்பிறை இரண்டிலும் திரயோதசியன்று வரும், அதாவது மாதத்துக்கு இரண்டு முறை. நேரம் மாலை நாலரையிலிருந்து ஆறு. நாலரைக்கு வருகிறவர் பக்தர், மூன்றே முக்காலுக்கு வருகிறவர் கைங்கரியக்காரர். அந்த முக்கால் மணி நேரத்தில்தான் எல்லா வேலையும் நடக்கும். அபிஷேகத்துக்கு வந்த பால் பாக்கெட்டுகளைக் கழுவி, மூலையை வெட்டி அண்டாவில் ஊற்ற வேண்டும். வெட்டிய துண்டு பாலில் விழுந்துவிடாமல் பார்க்க வேண்டும். காலி உறைகளை ஒரு சாக்கில் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் அவை அபிஷேகத் தண்ணீரோடு போய்ச் சாக்கடை வாயை அடைக்கும். வில்வத்தை மூன்று இலையும் பிரியாமல் ஆய்ந்து, பூச்சி அரித்ததை ஒதுக்க வேண்டும். நந்திக்கு அருகம்புல் மாலை கட்ட வேண்டும். காப்பரிசிக்கு அரிசியை ஊற வைத்து வெல்லம் கலக்க வேண்டும். "நான் ஏதாவது செய்யட்டுமா?" என்று பொதுவாகக் கேட்காதீர்கள், "இருக்கட்டும் சார், உக்காருங்க" என்றுதான் பதில் வரும். "வில்வம் நான் ஆயட்டுமா?" என்று ஒரு வேலையின் பெயரைச் சொல்லிக் கேட்டால் கூடை உங்கள் மடிக்கு வந்துவிடும்.

அபிஷேகம் முடிந்ததும் சுவாமியை ரிஷப வாகனத்தில் வைத்துப் பிராகாரம் சுற்றுவார்கள். சிறிய கோயில்களில் தோள் கொடுக்க எப்போதுமே ஒரு ஆள் குறையும். பேன்ட் சட்டையில் இருப்பவரைக் கூப்பிட மாட்டார்கள். வேட்டியும் இடுப்பில் துண்டுமாக நின்றால் கூப்பிடுவார்கள். உங்கள் உயரம் உள்ளவருக்கு இணையாக நில்லுங்கள். உயரம் ஒத்துவராவிட்டால் மொத்தப் பாரமும் குட்டையானவர் தோளில் இறங்கி, வாகனமும் சாயும். இறக்கும்போது தாங்குகட்டை சரியாக உட்கார்ந்துவிட்டது என்று முன்னால் இருப்பவர் குரல் கொடுக்கும்வரை தோளை எடுக்கவே கூடாது. புதிதாக வருகிறவர்கள் தவறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். பெரிய கோயில்களில் ஸ்ரீபாதம் தாங்குகிறவர்கள் தனிக் குழுவாக இருப்பார்கள், சில இடங்களில் அது பரம்பரை உரிமை. அங்கே கேட்காமல் தண்டில் கை வைக்காதீர்கள்.

அடுத்த வழி உழவாரப்பணி, அதாவது கோயிலைச் சுத்தம் செய்யும் தொண்டு. அப்பர் சுவாமிகள் கையில் உழவாரப்படையோடு கோயில் கோயிலாகப் புல் செதுக்கியதிலிருந்து வருகிற வழக்கம். சென்னையைச் சுற்றிப் பல குழுக்கள் மாதம் ஒரு ஞாயிறு ஒரு கோயில் என்று போகின்றன. கோயில் அறிவிப்புப் பலகையிலும் பூக்கடையிலும் விசாரித்தாலே எண் கிடைத்துவிடும். அறநிலையத்துறைக் கோயிலென்றால் செயல் அலுவலருக்கு முன்கூட்டியே கடிதம் கொடுத்து அனுமதி வாங்க வேண்டும். தேதி, நேரம், எத்தனை பேர், என்ன வேலை, பொறுப்பாளர் யார் என்று எழுதினால் போதும். குழுவோடு போனால் அதை அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

இந்த வேலையில் கெடுதல் செய்வதும் எளிது என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். விளக்கு ஏற்றும் இடத்தில் தரையில் எண்ணெய்ப் பிசுக்கு விரற்கடை கனத்துக்கு ஏறியிருக்கும். அதன் மேல் நேராகத் தண்ணீர் ஊற்றினால் வழுக்கல் இன்னும் பரவும். முதலில் உலர்ந்த மரத்தூளைத் தாராளமாகத் தூவி அரை மணி நேரம் விடுங்கள், எண்ணெயை அது குடித்துவிடும். பிறகு மரச் சுரண்டியால் வழித்தெடுத்து, சீயக்காய்த்தூளைச் சுடுநீரில் குழைத்துப் போட்டு, தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவ வேண்டும். ஒரே தடவையில் போகாது, இரண்டு மூன்று முறை செய்ய வேண்டியிருக்கும். அவசரத்தில் ஆசிட் ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். அன்றைக்குப் பளிச்சென்று தெரியும், கல்லின் மேல்தோல் அரித்துப் பொரிந்துபோய் அடுத்த வருடமே அழுக்கு இரட்டிப்பாக ஏறும். கல்வெட்டு உள்ள சுவரில் கம்பி பிரஷ் படவே கூடாது. எழுத்துக்கு மேல் சுண்ணாம்பு பூசுவதும் பெயின்ட் அடிப்பதும் அதே அளவு கேடு. கோபுரத்தில் முளைத்த அரசஞ்செடியைப் பார்த்தவுடன் பிடுங்கத் தோன்றும்; வேர் சுதைக்குள் ஓடியிருந்தால் செடியோடு பொம்மையும் சேர்ந்து வந்துவிடும். அலுவலகத்தில் சொல்லுங்கள், அதற்கென்று பழகியவர்கள் சாரம் கட்டி எடுக்கட்டும். மரத்தடியில் கிடக்கும் பழைய படங்களையும் துணிகளையும்கூடக் கேட்டுவிட்டுத்தான் அப்புறப்படுத்த வேண்டும். யாரோ ஒருவருடைய வேண்டுதலாக இருக்கும்.

நான்கு மணி நேரம் சேர்ந்து தேய்த்துவிட்டு ஒரே வரிசையில் உட்கார்ந்து சாம்பார் சாதம் சாப்பிட்டவர்களுக்குள் அறிமுகம் என்று தனியாக ஒன்று தேவைப்படாது. எனக்குத் தெரிந்தவரை ஒரு குழுவுக்குள் போவதற்கு இதைவிடக் குறுக்கு வழி கிடையாது.

உடல் வேலை ஒத்துவராதவர்களுக்கு ஓதுதல் இருக்கிறது. திருவாசகம் முழுவதையும் ஒரே நாளில் ஓதும் முற்றோதல் இன்று பல சிவன் கோயில்களில் நடக்கிறது. 51 பதிகங்கள், 658 பாடல்கள். காலையில் ஆரம்பித்தால் முடிய மாலையாகிவிடும். எல்லாம் தெரிந்துகொண்டு போக வேண்டும் என்று நினைக்காதீர்கள். புத்தகத்தைப் பார்த்துத்தான் எல்லாரும் ஓதுகிறார்கள். சிவபுராணம் 95 அடியும் தடங்கலில்லாமல் வந்தால் போதும், மற்றதை அடியொற்றிப் பாடிவிடலாம். பெரிய எழுத்துப் பதிப்பு ஒன்றைச் சொந்தமாக வாங்கிக்கொள்ளுங்கள். புதியவர்கள் எழுப்புகிற ஒரே சிக்கல் வேகமும் குரலும்தான். முன்னோதுபவர் ஒரு பண்ணில் நிதானமாகப் போகும்போது பின்னால் ஒரு குரல் உரக்க முந்திக்கொண்டு ஓடினால் மொத்தப் பேரும் தடுமாறுவார்கள். முதல் சில தடவைகள் பக்கத்தில் இருப்பவர் குரலுக்குக் கீழேயே பாடுங்கள். பூஜை முடிவில் பாடும் பஞ்சபுராணத்தையும் கற்றுக்கொள்ளுங்கள். தேவாரம், திருவாசகம், திருவிசைப்பா, திருப்பல்லாண்டு, பெரியபுராணம் என்று ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு பாட்டு, மொத்தம் ஐந்துதான். ஓதுவார் இல்லாத கோயில்கள் நிறைய இருக்கின்றன. அங்கே இந்த ஐந்து பாட்டும் தெரிந்த ஒருவருக்குத் தனி இடம் உண்டு, அது பத்து வயதுக் குழந்தையாக இருந்தால் கேட்கவே வேண்டாம்.

இன்னும் ஒன்று, பலர் கவனிக்காத நாட்கள்: குருபூஜைகள், அதாவது அடியார்கள் இறைவனடி சேர்ந்த நட்சத்திர நாட்கள். சித்திரைச் சதயம் அப்பருக்கு, வைகாசி மூலம் சம்பந்தருக்கு, ஆனி மகம் மாணிக்கவாசகருக்கு, ஆடிச் சுவாதி சுந்தரருக்கு. மாலையில் பத்துப் பதினைந்து பேர் கூடினால் அதிகம். நீங்கள் இருக்கும் பக்கம் இதற்கென்றே வாய்த்தது போன்ற ஊர்கள். குன்றத்தூர் சேக்கிழார் பிறந்த இடம், வைகாசிப் பூசம் அவருடைய குருபூஜை. பூந்தமல்லி வைணவ ஆசாரியர் திருக்கச்சி நம்பிகளின் ஊர், அவர் பிறந்த நட்சத்திரம் மாசி மிருகசீரிடம். திருமழிசையில் ஆழ்வார் பிறந்த நட்சத்திரம் தை மகம். இந்த நாட்களைக் காலண்டரில் குறித்து வைத்துக்கொண்டு ஒரு வருடம் போய்ப் பாருங்கள், அந்த வட்டாரத்தில் யார் யார் உண்மையான ஈடுபாட்டோடு இருக்கிறார்கள் என்பது தானாகத் தெரிந்துவிடும்.

பெருமாள் கோயிலில் நடைமுறை வேறு. பாசுரம் ஓதும் கோஷ்டியில் யார் எங்கே நிற்பது, யார் தொடங்குவது, தீர்த்தம் சடாரி யாருக்கு முதலில் என்பதற்கெல்லாம் வரிசை உண்டு. வடகலை, தென்கலைத் தகராறு நீதிமன்றம்வரை போன கோயில்களும் இருக்கின்றன. புதிதாக வந்தவர் கோஷ்டிக்குப் பின்னால் நின்று கேட்க வேண்டும், அழைத்தால் மட்டும் உள்ளே போக வேண்டும். இதற்கு எளிய வாசல் மார்கழி. அதிகாலை நாலரை, ஐந்து மணிக்குத் தினம் ஒரு திருப்பாவைப் பாசுரம் விளக்கத்தோடு, முப்பது நாள். முப்பது நாளும் வருகிறவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம், அந்த விரல்களில் ஒன்றாகிவிடுங்கள். வீதி பஜனை நடக்கிற தெருவென்றால் ஜால்ரா தட்டத் தெரிந்தால் போதும்.

பெண்களுக்கு வழிகள் ஒரு விதத்தில் அதிகம். திருவிளக்கு பூஜை, சகஸ்ரநாமப் பாராயணம், மார்கழிக் கோலம் எல்லாமே குழுவாகச் செய்வது. ஆனால் அக்கம்பக்கத்தோடு நெருங்க நவராத்திரிக்கு ஈடு இல்லை. கொலு உங்கள் ஊர் வழக்கம் இல்லாமல் இருக்கலாம். மூன்று படி வைத்தாலே போதும். வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பி "அனைவரும் வருக" என்று போட்டால் யாரும் வர மாட்டார்கள். குங்குமச் சிமிழோடு வீடு வீடாகப் போய்க் கூப்பிட வேண்டும். வந்தவர்களுக்கு வெற்றிலை, பாக்கு, மஞ்சள், குங்குமம், பூ, ஒரு பழம், கையில் ஒரு தொன்னைச் சுண்டல். கூப்பிட்டவர்கள் பதிலுக்கு உங்களை அழைத்தால் கட்டாயம் போய்விடுங்கள். போகாமல் விட்டால் அடுத்த வருடம் அந்த வீடு உங்கள் பட்டியலில் இருக்காது.

சுண்டலைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் கோயிலில் புதியவர்கள் முதலில் ஏற்றுக்கொள்ளும் பொறுப்பு பிரசாதம்தான், முதலில் சொதப்புவதும் அதுதான். ஒரு கிலோ காய்ந்த கொண்டைக்கடலை வெந்தால் இரண்டே கால் கிலோவுக்குக் குறையாது. சிறு தொன்னையில் நாற்பத்தைந்து ஐம்பது பேருக்கு வரும். புளியோதரை ஒரு கிலோ அரிசிக்கு இருபத்தைந்து முப்பது பேர். சர்க்கரைப் பொங்கல் ஒரு கிலோ அரிசி, கால் கிலோ பாசிப்பருப்பு, இரண்டு கிலோ வெல்லம் என்று போட்டால் அறுபது பேருக்குக் குறைவில்லாமல் கொடுக்கலாம், திகட்டுவதால் யாரும் அதிகம் வாங்க மாட்டார்கள். சுண்டல் ஊசிப்போவதற்குக் காரணம் பெரும்பாலும் தேங்காயும் மூடியும். வெந்ததைத் தண்ணீர் நன்றாக வடித்து, அகலத் தாம்பாளத்தில் ஆறவிட்டுத் தாளிக்க வேண்டும். தேங்காயை விநியோகத்துக்குக் கொஞ்சம் முன்னால்தான் சேர்க்க வேண்டும். சூடாகவே தூக்கில் அடைத்து மூடி, மூன்று மணி நேரம் கழித்துத் திறந்தால் வாடை காட்டிக் கொடுத்துவிடும். வெங்காயம், பூண்டு சேர்க்கக் கூடாது. சமைக்கும்போது ருசி பார்க்கவும் கூடாது, உப்பு கண் அளவுதான். வீட்டில் செய்ததை நைவேத்தியத்துக்கு எல்லாக் கோயிலிலும் ஏற்க மாட்டார்கள். சில இடங்களில் மடப்பள்ளியில் செய்தது மட்டும்தான், ஆகவே முதல் நாளே குருக்களிடமோ பட்டரிடமோ கேட்டுவிடுங்கள். கோயில் வாசலில் பெரிய அளவில் அன்னதானம் போட நினைத்தால் உணவுப் பாதுகாப்புத் துறைப் பதிவு வேண்டும். அதைவிட, 2002 முதல் அறநிலையத்துறைக் கோயில்களில் நடக்கும் மதிய அன்னதானத்தில் ஒரு நாள் செலவை ரசீதுபோட்டு ஏற்றுக்கொண்டு, அன்று போய் இலை போடுவது சுலபம்.

தெரு அம்மன் கோயில்கள் உங்கள் ஊர் முறைக்கு நெருக்கமானவை. ஆடியில் கூழ் வார்ப்பார்கள், காப்புக் கட்டுவார்கள். இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது, தென்மாவட்டத்துக்காரர் என்பதால் உடனே புரிந்துகொள்வீர்கள்: வரி வேறு, நன்கொடை வேறு. வரி கொடுப்பவருக்குக் கூட்டத்தில் பேச உரிமை உண்டு, நன்கொடை கொடுப்பவருக்கு விபூதி மட்டும். வாடகைக்கு இருப்பவரிடம் வரி வாங்க மாட்டார்கள், நீங்களும் வற்புறுத்த வேண்டாம். கூழ் கிண்ட, பந்தல் போட, குழாயடியில் தண்ணீர் பிடிக்க நில்லுங்கள். சில வருடங்களில் தாமாகவே "நீங்களும் ஒரு வரி போடுங்க" என்பார்கள். காப்புக் கட்டிக்கொள்ளச் சொன்னால், விரதம் இருக்கவும் விழா முடியும்வரை ஊரை விட்டுப் போகாமல் இருக்கவும் முடியுமா என்று பார்த்துவிட்டுச் சம்மதியுங்கள். சப்பரம் கிளம்பும்போது மின் இணைப்பைத் துண்டித்துவிட்டார்களா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். கேட்பதற்குக் கூச்சம் வேண்டாம். 2022 ஏப்ரல் 27 அன்று தஞ்சாவூர் அருகே களிமேட்டில் அப்பர் சதய விழாத் தேர் மேலே போன உயர் அழுத்தக் கம்பியில் பட்டு 11 பேர் இறந்தார்கள்.

ஆண்களுக்குக் கார்த்திகையில் ஐயப்பன் மாலை இன்னொரு வழி. ஒரு மண்டலம், 41 நாள், ஒரு குருசாமியின் கீழ், ஒவ்வொரு நாளும் ஒருவர் வீட்டில் பூஜை. பேரைக்கூடக் கேட்காமல் "சாமி" என்று கூப்பிடுகிற கூட்டம் அது. கன்னிசாமியாகப் போகிறவரைத் தனியாகக் கவனித்துக்கொள்வார்கள். விரதத்தைப் பாதியில் தளர்த்துகிறவராக இருந்தால் மட்டும் போகாதீர்கள், குழுவுக்கே அது மனக்கஷ்டம்.

சாதிப் பேச்சை ஒதுக்கிவிட்டு இந்தப் பதிலை முடிக்க முடியாது. "சொந்த ஊர் எது, அங்க எந்தத் தெரு?" என்ற கேள்வி வரும். அது எதற்காகக் கேட்கப்படுகிறது என்று உங்களுக்கும் தெரியும், கேட்பவருக்கும் தெரியும். ஊர்ப் பெயரைச் சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கலாம், மேற்கொண்டு சொல்ல வேண்டிய கடமை இல்லை. குலதெய்வக் கோயில், பங்காளிகள் கோயில் என்று ஒரு வம்சத்துக்கு மட்டுமான கோயில்கள் வேறு. அங்கே விருந்தாளியாகத்தான் இருக்க முடியும். பொதுக் கோயிலில் எல்லாச் சாதி இந்துக்களுக்கும் நுழைய உரிமை தந்த சென்னை மாகாணச் சட்டம் 1947-லேயே வந்துவிட்டது. பொதுக் கோயிலில் வேலை செய்யும் குழு இதைத் திரும்பத் திரும்பக் கிளறினால் அந்தக் குழுவை விட்டு வேறு குழுவுக்குப் போங்கள். கோயிலை விட வேண்டாம். துணைவர் வேறு மதத்தில் பிறந்தவராக இருந்தால், பெரும்பாலான கோயில்களில் யாரும் எதையும் கேட்பதில்லை. பழனிக் கோயில் வழக்கில் 2024 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, இந்து அல்லாதவர் தெய்வத்தின் மேல் நம்பிக்கை உண்டு என்று உறுதிமொழி எழுதிக்கொடுத்தால் அனுமதிக்கலாம் என்று சொல்லியிருக்கிறது. அப்படிக் கேட்கிற இடத்தில் அலுவலகத்தில் முதலிலேயே பேசிவிடுங்கள்.

பணம். முதல் வருடம் பெரிய தொகை கொடுக்காதீர்கள். கொடுத்தவுடன் உங்கள்மேல் "உபயதாரர்" என்ற முத்திரை விழுந்துவிடும். மாலை போடுவார்கள், நாற்காலி போடுவார்கள், துடைப்பத்தை மட்டும் கையில் தர மாட்டார்கள். அதன்பிறகு கும்பாபிஷேகம், வாகனம், மண்டபம் என்று ஒவ்வொரு பட்டியலிலும் உங்கள் பெயர் முதலில் இருக்கும். கொடுப்பது எதுவாக இருந்தாலும் கோயில் பெயரில் அச்சிட்ட ரசீது வாங்குங்கள். "திருப்பணிக் கமிட்டி" என்று ஒரு நோட்டோடு வருகிறவரிடம் துறை அனுமதி எண்ணைக் கேட்பது தவறே இல்லை. பணமாகக் கொடுப்பதைவிட மாதாமாதம் ஐந்து லிட்டர் நல்லெண்ணெயோ பிரதோஷத்துக்கு வில்வமோ உங்கள் பொறுப்பு என்று ஏற்றுக்கொண்டால், மாதத்தில் ஒரு நாளாவது உங்களைத் தேடுவார்கள்.

ஒன்றிரண்டு பழக்கங்களைத் தவிர்த்தால் போதும். "எங்க ஊர்ல இப்படிச் செய்ய மாட்டாங்க" என்ற வாக்கியம் முதல் வருடம் வாயில் வரவே கூடாது. அலங்காரத்தைப் படமெடுத்துப் போடுவதற்கு முன் கேளுங்கள், கருவறையை எடுக்கவே கூடாது. குருக்கள், மெய்க்காவலர், பூக்காரம்மா, துப்புரவு செய்யும் அக்கா ஆகியோரின் பெயரைத் தெரிந்துகொள்ளுங்கள். அலுவலகத்தைவிட இவர்களுக்குத்தான் கோயிலில் என்ன நடக்கிறது என்று தெரியும். குழுவுக்குள் ஏற்கெனவே இரண்டு கட்சி இருக்கும், எல்லாக் கோயிலிலும் இருக்கும். இரண்டு பக்கத்துப் புலம்பலையும் கேளுங்கள், எதையும் அடுத்த பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

வரும் பிரதோஷத்திலேயே ஆரம்பியுங்கள். அலுவலகம் சனி, ஞாயிறு மட்டும்தான் விடும் என்றால் உழவாரப்பணியும் முற்றோதலும் உங்களுக்குப் பொருந்தும். எதை எடுத்தாலும் ஆறு மாதம் விடாமல் போக வேண்டும். வர முடியாத நாளில் முந்தின இரவே ஒருவருக்குப் போன் செய்து, வில்வத்தையோ எண்ணெயையோ வேறு யார் மூலமாவது கொடுத்தனுப்பிவிடுங்கள். சொல்லாமல் ஒரு பிரதோஷம் நின்றுவிட்டால், அடுத்த முறை அந்த வேலைக்கு வேறொருவரைப் போட்டிருப்பார்கள்.